எதை அறுத்த பொடி?

காக்கநாட்டில், இன்ஃபோபார்க்கிலிருந்து அதிகத் தொலைவில்லாத வாடகை வீடொன்றின் பின்புறத்தில், இடவப்பாதி மழை தொடங்கிய வாரத்தில் பன்னிரண்டு கிராமஸ்ரீக் குஞ்சுகள் வந்திறங்கின. வளர்க்க முனைந்தவர் உடுமலையிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த தாய். கறிக்கோழிக் கொட்டகைகளில் தேங்காய் நார்க்கழிவைப் பரப்பி ஆழ்கூளம் அமைப்பதைப் பார்த்தே வளர்ந்தவர் அவர். ஆயினும் நார்க்கழிவு நீரை உறிஞ்சித் தேக்கும். இந்த ஈரக்காற்றில் அது காயாது என்று அஞ்சி, மகனிடம் மரத்தூள் வாங்கிவரச் சொன்னார்.

மகன் கடையில் அறிந்துகொண்ட சொல் ‘அறக்கப்பொடி’. நமது ‘அறு’ என்னும் வேரே அதிலும் நிற்கிறது: மரம் அறுக்கையில் உதிர்வது. வந்த மூட்டையிலோ மாவைப்போல் நுண்ணிய தூள், பசைநெடி வேறு. விரித்த மறுநாளே குஞ்சுகள் அதைக் கொத்தின, தும்மின. மூன்றாம் நாள் இரண்டு இறந்து கிடந்தன. எவரும் அறுத்துப் பார்க்கவில்லை. காரணம் அதுவே என அறுதியிட்டுச் சொல்ல இயலாது. அந்தத் தாய் அன்று மாலையே கூட்டை முழுதும் வழித்தெறிந்தார்.

அவருடைய ஐயம் நியாயமானது. அருகிலுள்ள பெரும்பாவூர் ஒட்டுப்பலகைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். ஒட்டுப்பலகையை உரசும்போது எழும் தூளில் மரத்தோடு ஃபார்மால்டிஹைடு கலந்த பசையும் இருக்கும். மருந்தேற்றிய மரமெனில் அதன் நஞ்சும் சேரும். நல்ல மரத்தின் தூளேயானாலும், மிக நுண்ணியதாயின் குஞ்சுகள் அதைத் தீனியென எண்ணி விழுங்கும், இரைப்பை அடைத்துக்கொள்ளும். தச்சர் இழைத்த சுருள்சீவல் இவ்வகையில் மேலானது. ஒரே சொல் இவை அனைத்தையும் ஒரு மூட்டைக்குள் கட்டிவிடுகிறது. (ஆங்கில ‘லிட்டர்’ படுக்கை என்னும் பொருளிலிருந்து குப்பைக்குச் சென்றது, நம் ‘கூளம்’ இரண்டையும் ஒருங்கே சுமக்கிறது.)

‘உமி’யில் இச்சிக்கல் இல்லை. தமிழிலும் மலையாளத்திலும் அதே சொல், அதே பொருள். காலடிப் பக்கத்து அரிசி ஆலைகளிலிருந்து எளிதில் கிடைக்கிறது. இரண்டு அங்குலம் பரப்பி, முதல் சில நாள்கள் மேலே தாள் விரித்தார். உமியும் ஈரத்தில் பூசணம் பிடித்தால் ஆபத்தே. அஸ்பர்ஜில்லஸ் வித்துகள் குஞ்சுகளின் நுரையீரலைத் தாக்கும். ஆகவே நாள்தோறும் கிளறினார். கைப்பிடி அள்ளி இறுக்கி விரிப்பார்: உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி, அப்பகுதியை அகற்றிவிட்டுக் காய்ந்த உமியைச் சேர்க்கவேண்டும். அம்மோனியா நெடியை நின்றபடி முகர்ந்தறிய முடியாது என்பார். குஞ்சின் தலையுயரத்துக்குக் குனிந்துதான் முகர்வார்.

பத்தும் பிழைத்தன. இப்போது மகன் கடைக்குச் சென்றால், “எதை அறுத்த பொடி?” என்று கேட்கிறான். பெரும்பாலும் கடைக்காரருக்குத் தெரிவதில்லை. உமி மூட்டையே வண்டியில் ஏறுகிறது.