தேங்காய்ப்பாலில் காவா

ஃபிஜியின் சுவா நகரச் சந்தையில் காய்கறியும் டாரோக் கிழங்கும் கீழே. மசாலாச் சாமானும், கரைத்துக் குடிக்கிற காவா வேரும் மாடியில். படி ஏறும்போதே மிளகும் ஈரமண்ணும் கலந்த நெடி மூக்கைப் பிடித்துக்கொள்கிறது. மிளகு நெடியில் வியப்பில்லை. மிளகு, வெற்றிலை, காவா மூன்றும் பைப்பர் என்ற ஒரே பேரினத்துச் செடிகள். காவா இலையைக் காட்டினால் நம்மூரில் பாதிப்பேர் வெற்றிலை என்றே சொல்வார்கள்.

காவாவைக் கொண்டு மது சேராத காக்டெயில் கலக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஃபிஜிக்குப் போயிருந்தேன். கலக்குகிற இடத்துக்கு முன்னால் வேர் விற்கிற இடத்தைப் பார்த்துவிடச் சொன்னார் ஒரு நண்பர். நல்ல யோசனை.

கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். கொள்ளுத்தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறியவர். 1903 முதல் 1916 வரை சென்னைத் துறைமுகத்தில் அப்படி ஆளேற்றினார்கள். இவருக்கு ‘வணக்கம்’ தாண்டித் தமிழ் வராது. பேச்செல்லாம் ஃபிஜி இந்தி. “பையா, உட்காருங்க” என்று முக்காலியை இழுத்துப் போட்டவர் இரண்டு மூட்டைகளைப் பிரித்தார். ஒன்றில் லெவெனா: தண்டின் அடிக்கிழங்கைச் சீவிக் காயவைத்தது. மற்றதில் வாகா: கொத்துக் கொத்தாகப் பக்கவேர்கள். வாகாவுக்குத்தான் வீரியம் அதிகம், விலையும் அதிகம்.

காவா விதையிலிருந்து முளைப்பதில்லை. தண்டைத் துண்டு போட்டு நடவேண்டும். பிடுங்குவதற்கு மூன்று முதல் ஐந்து வருஷம் ஆகும். 2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் புயல் தோட்டங்களைச் சாய்த்துப்போட்டபோது ஏறிய விலை லேசில் இறங்காததற்குக் காரணம் இதுதான். “கத்திரிச் செடியா, அடுத்த போகத்தில் வந்துவிட?” என்று கேட்டுச் சிரித்தார் கடைக்காரர். இங்கே இந்தியர் வீட்டுக் கல்யாணமோ துக்கமோ, கிராக் கரைக்காமல் பேச்சு நடக்காது. காவாவுக்கு ஊர்ப்பேச்சில் கிராக் என்றுதான் பெயர்.

காக்டெயில் கலக்குகிற கடை கடலோரச் சாலையை ஒட்டியிருக்கிறது. கலக்குபவர் காவா விளையும் கண்டாவு தீவுக்காரப் பெண். ஷேக்கரைத் தொடுவதற்கு முன்னால் ஊர் முறையிலேயே கரைத்துக் காட்டினார். தானோவா என்பது மரத்தைக் குடைந்து செய்த, கால்கள் வைத்த அகலக் கிண்ணம். அதில் குளிர்ந்த தண்ணீர். பொடியைத் துணியில் கொட்டி, வாயைத் திருகி, தண்ணீருக்குள் அமுக்கிப் பிசைகிறார். விரல்களால் ஓர் அழுத்து, உள்ளங்கையால் ஒரு புரட்டு, பிறகு பிழிவு. தண்ணீர் மெல்லச் சேற்று நிறத்துக்கு வருகிறது. கையை எடுத்து விரலிடுக்கைக் காட்டினார், பிசுக்கு ஒட்டியிருந்தது. “இது துணியில் இருக்கும்வரை பிசையணும். பாதியில் விட்டால் காசைச் சக்கையோடு கொட்டின மாதிரி.” வெந்நீர் ஆகாது. வேரில் மாவுச்சத்து நிறைய. சூடு பட்டால் கஞ்சியாகித் துணியை அடைத்துவிடும்.

அந்தப் பிசுக்கில்தான் சங்கதி இருக்கிறது. உடம்பைத் தளர்த்துகிற காவாலாக்டோன்கள் தண்ணீரில் சரியாகக் கரையாது, கொழுப்போடு ஒட்டும். ஆகவே அவருடைய கலவைக்குத் தேங்காய்ப்பால் அடிப்படை. கெட்டியாகக் கரைத்த காவா, முதல் பால், அன்னாசிச் சாறு, இடித்துப் பிழிந்த இஞ்சி, ஒரு சிட்டிகை உப்பு. ஐஸ் போட்டுத் தோள் வலிக்கக் குலுக்குகிறார். காவா அடியில் தங்கிவிடும் சரக்கு, அரைகுறையாகக் குலுக்கினால் கடைசி மடக்கில் வண்டல்தான் வரும். எலுமிச்சையைக் கடைசியில் விடுகிறார், பால் திரியாமலிருக்க. மேலே கொஞ்சம் ஜாதிக்காய் துருவி, பிலோ எனும் கொட்டாங்கச்சிக் கோப்பையில் ஊற்றித் தருகிறார்.

குடித்தேன். முதலில் அன்னாசி, அதன் பின்னால் இஞ்சி, இரண்டும் இறங்கியதும் காவாவின் கசப்பு. சற்றைக்கெல்லாம் நாக்கு கிராம்பைக் கடித்ததுபோல் மரத்துவிட்டது. நல்ல பானம் என்றே சொல்வேன். ஆனால் ஒரு சந்தேகம் எழுந்தது, அவரிடமே கேட்டேன்.

ஊர்க் கூட்டத்தில் காவா குடிப்பதற்கு ஒழுங்கு உண்டு. கோப்பை வரும்போது ஒரு கைதட்டு, ‘புலா’ என்று சொல்லி ஒரே மூச்சில் குடி, பிறகு மூன்று கைதட்டு. அடுத்த சுற்று எப்போது என்பதை ஊற்றுபவர் தீர்மானிப்பார். நடுவில் பேச்சு ஓடும். அந்தக் காத்திருப்பும் அந்தக் கசப்பும்தான் குடிப்பவனை நிதானத்தில் வைத்திருக்கின்றன. கசப்பை அன்னாசியால் மூடி, ஆளைத் தனி மேசையில் உட்காரவைத்துவிட்டால் யார் பிடித்து நிறுத்துவது?

“நான்தான்” என்றார். அடுத்த கோப்பை கேட்பவரை அரை மணி நேரம் காக்கவைக்கிறார். சர்க்கரைப் பாகு ஊற்றுவதேயில்லை. கசப்பு கொஞ்சம் தெரிந்தாக வேண்டும் என்பது அவர் கொள்கை. கடையில் ஒரு சொட்டு மது கிடையாது. கிராக் முடிந்ததும் பீர் குடிக்கிற ‘வாஷ் டவுன்’ பழக்கம் ஃபிஜியில் பரவலாக இருக்கிறது. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் சுளித்தது. பாகு ஊற்றிக் கொடுத்தால் வியாபாரம் கூடும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? கலக்கும் தொழிலில் இவரை நான் மெச்சுவது ருசிக்காக மட்டுமல்ல, இந்தப் பிடிவாதத்துக்காகவும்தான்.

காவா பற்றிய கவலை கடைக்கு வெளியேயும் உண்டு. கல்லீரலைக் கெடுக்கிறது என்று 2002-இல் ஜெர்மனி காவா மருந்துகளைத் தடைசெய்தது. 2014-இல் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்துசெய்தது. 2020-இல் சர்வதேச உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு காவாவுக்கு வட்டாரத் தரம் வகுத்தது. 2021 டிசம்பரில் ஆஸ்திரேலியா வணிக இறக்குமதியைச் சோதனை முறையில் அனுமதித்தது. ஆனால் கோடெக்ஸ் தரம் பேசுவது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் காவாவைப் பற்றி. தேங்காய்ப்பாலும் பழச்சாறும் சேர்ந்த கோப்பைக்கு, ஊற்றுபவரின் மனசாட்சிதான் இன்றைக்கு அளவுகோல்.

ஆகவே எங்காவது காவா காக்டெயில் கிடைத்தால், வேரா தண்டுத் தோலா என்று முதலில் கேளுங்கள். தோல் என்றால் வேண்டாம். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தொடவே வேண்டாம். மற்றவர்கள் ஒரு கோப்பையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அன்றைக்கு மதுவும் வேண்டாம், வண்டியும் ஓட்டவேண்டாம்.