மஹாட்: ஒரு குளத்தின் படிக்கட்டு

மும்பையிலிருந்து கோவா நெடுஞ்சாலையில் செல்லும் நம்மவர்கள் மஹாட் என்னும் சிற்றூரைத் தேநீர் அருந்தும் நேரத்தில் கடந்துவிடுகின்றனர். சற்றே இறங்கி ஊருக்குள் நடந்து பாருங்கள். அங்கே சவ்தார் குளம் உண்டு. மராத்தியில் அச்சொல்லுக்குச் 'சுவையான' என்று பொருள். அதை யாவருக்கும் திறந்துவிட 1924-லேயே நகராட்சி தீர்மானித்தது. தீர்மானம் ஏட்டிலே இருந்தது. தாழ்த்தப்பட்டோரோ ஒரு கை நீரும் அள்ள இயலவில்லை.

1927 மார்ச் 20 அன்று டாக்டர் அம்பேத்கர் பெருந்திரளான மக்களோடு நடந்து வந்து அந்நீரைப் பருகினார். கோயிலுக்குள்ளும் நுழைவார்கள் என்ற வதந்தி பரவ, அன்றே அம்மக்கள் தாக்கப்பட்டனர். பின்னர் சாணமும் கோமியமும் ஊற்றிக் குளத்தைத் 'தூய்மை' செய்தார்களாம்! வழக்கு நீண்டு, 1937-ல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில்தான் முடிவுற்றது.

சிவாஜி முடிசூடிய ராய்கட் கோட்டையும், நெடுஞ்சாலையோரத்துக் காந்தார்பாலே பௌத்தக் குகைகளும் அருகிலேயே உள்ளன. பிள்ளைகளோடு செல்வோர் விட்டுவிட வேண்டாம். ஆயினும் முதலில் இந்தக் குளத்தின் படிக்கட்டில் இறங்குங்கள்.