வேலை போன நாளும் காப்பு முடியும் நாளும்



குடும்பத் தலைவர் வேலையை இழந்து வீடு திரும்பினால், அந்த வீட்டில் முதலில் எழும் கேள்வி அடுத்த மாத அரிசிக்கு என்ன செய்வது என்பதே. இரண்டாவது கேள்வி சற்றுத் தாமதமாகத்தான் எழும். ஆனால் அதுவே உறக்கத்தைக் கெடுக்கும். 'இனி வீட்டில் யாருக்கேனும் உடல்நலம் குன்றினால் என் செய்வது?' பெரும்பாலான குடும்பங்கள் இதற்குத் தாமே ஒரு விடையைச் சொல்லிக் கொள்கின்றன: 'வேலை போயிற்று, இ.எஸ்.ஐ. அட்டையும் போயிற்று.' இந்த விடை தவறு என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சேலத்திலும், 1997இல் அதனின்று பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல்லிலும் நம் மக்களில் பலர் நூற்பாலைகளிலும் விசைத்தறிக் கூடங்களிலும் லாரிப் பட்டறைகளிலும் உழைத்துப் பிழைப்பவர்கள். பஞ்சு விலை ஏறினால் இங்கே ஒரு ஷிப்டு நிற்கும். நூல் தேங்கினால் இன்னொன்றும் நிற்கும். என் தம்பிக்கும் அதுதான் நேர்ந்தது. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு நூற்பாலையில் பதினோராண்டுகள் பணியாற்றியவன், 2023 ஆகஸ்டு மாத இறுதியில் வெளியேற்றப்பட்டான். "கார்டு இனிச் செல்லாதுப்பா, திருப்பிக் கொடுத்துவிடு" என்று டைம் ஆபீஸில் ஒருவர் சொல்லியனுப்பினாராம்.

அடுத்த ஜனவரியில் அவன் மனைவிக்குப் பித்தப்பையில் கல் இருப்பது தெரிய வந்தது. தனியார் மருத்துவமனையில் கேட்ட தொகை, அவனுடைய நான்கு மாதக் கூலியை விஞ்சியது. நிக்காஹ்வின்போது போட்ட வளையல்களை அடகு வைப்பதென்று முடிவு செய்துவிட்டுத்தான் என்னிடம் வந்தான். "அக்கா, வேறு வழி தெரியவில்லை" என்றான். "அட்டையைக் கொடுத்துவிட்டாயா?" என்று கேட்டேன். இல்லை, பெட்டியில்தான் கிடக்கிறது என்றான். மறுநாள் இருவரும் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குச் சென்றோம்.

அங்கிருந்த அலுவலர் பொறுமையாக விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். இதை ஒருமுறை நன்கு விளங்கிக் கொண்டால் வாழ்நாள் முழுதும் மறக்காது.

இ.எஸ்.ஐ. கணக்கில் ஆண்டு இரு பாதிகளாகப் பிரிகிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம். அதன் பயன் கிடைக்கும் காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொரு சந்தாக் காலம்; அதன் பயன் அடுத்து வரும் ஜூலை முதல் டிசம்பர் வரை. ஒரு சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருந்தால், அதற்குரிய பயன்காலம் முடியும்வரை மருத்துவ வசதி உண்டு. இடையில் வேலை நின்றாலும் அந்த வசதி நிற்பதில்லை!

என் தம்பியின் கணக்கைப் பாருங்கள். ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை வேலை செய்ததால் 78 நாட்களை எளிதாகத் தாண்டிவிட்டான். ஆகவே 2024 ஜனவரி முதல் ஜூன் 30 வரை அவனுக்கும் அவன் மனைவி மக்களுக்கும் சிகிச்சை பெறும் உரிமை இருந்தது. 2023 மார்ச்சு வரை செலுத்திய முந்தைய சந்தா, அவன் வேலையிழந்த நாளிலிருந்து டிசம்பர் வரை காத்து நின்றது. வேலை போன பிறகும் பத்து மாதங்கள்! அல்லாஹ்வின் அருளால் பிப்ரவரி மாதத்தில் சேலம் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வளையல்கள் அடகுக் கடைப் படியேறவில்லை.

இது யாரோ இரங்கிக் கொடுத்த உதவியன்று. மாதம் 12,000 ரூபாய் கூலி வாங்குபவரிடம் 90 ரூபாய் பிடிக்கப்படுகிறது. முதலாளி 390 ரூபாய் சேர்க்கிறார். கூலியில் 0.75 விழுக்காடும், முதலாளியின் பங்காக 3.25 விழுக்காடும் என்பது 2019 ஜூலை முதல் உள்ள கணக்கு. ஆக, பிந்திய மாதங்களின் சிகிச்சைக்கு முந்திய மாதங்களின் வியர்வையே விலை கொடுத்திருக்கிறது. உழைத்தவனின் கூலியை நிறுத்தி வைக்கலாகாது என்பது நம் மார்க்கம் வலியுறுத்தும் நீதி. இந்தச் சந்தாவும் கூலியின் ஒரு பகுதிதான். பிடித்த சந்தாவைக் கட்டாமல் வைத்துக் கொள்வது சட்டப்படி குற்றம். மார்க்கப்படி அமானித மோசடி.

அமெரிக்காவில் 1986இல் ஒரு சட்டம் வந்தது. வேலையிழந்தவர் தம் நிறுவனத்தின் மருத்துவக் காப்பீட்டைப் பொதுவாக 18 மாதங்கள்வரை தொடரலாம். ஆனால் முதலாளி கட்டி வந்த பங்கையும் சேர்த்து முழுத் தொகையையும் தாமே கட்ட வேண்டும். கூலி நின்ற நாளில் செலவு பெருகும் விந்தை அது! நம் இ.எஸ்.ஐ.யில் அந்தப் பயன்காலம் முடியும்வரை ஒரு ரூபாயும் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. இத்தகைய வசதி இருந்தும் அறியாமையால் அதை இழக்கலாமா?

இங்கே முக்கியமான ஓர் எச்சரிக்கை. ஆட்குறைப்புச் செய்யும் இடங்களில், 'நானே விரும்பி விலகுகிறேன்' என்று எழுதிய தாளை நீட்டிக் கையொப்பம் கேட்பதுண்டு. கணக்கை முடித்துப் பணம் தருவதாகச் சொல்வார்கள். பதறிக் கையொப்பமிடாதீர்கள்! 2005 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ராஜீவ் காந்தி சிரமிக் கல்யாண் யோஜனா, ஆலை மூடப்பட்டோ ஆட்குறைப்பிலோ வேலையிழந்தவருக்கு அதிகபட்சம் 24 மாதங்கள் உதவித்தொகை தருகிறது. முதல் ஆண்டில் கூலியில் பாதி. இரண்டாம் ஆண்டில் கால் பங்கு. அந்தக் காலத்தில் குடும்பத்துக்கு மருத்துவ வசதியும் உண்டு. தாமாக விலகியவருக்கு இது கிட்டாது. ஒரு கையொப்பம் இரண்டாண்டுப் பாதுகாப்பைப் பறித்துவிடும் என்பதை எண்ணிப் பாருங்கள். அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்னும் மற்றொரு திட்டம் 2018 ஜூலையில் தொடங்கியது. வாழ்நாளில் 90 நாட்கள்வரை உதவித்தொகை தரும் இதில், கொரோனா ஊரடங்கின்போது 2020 மார்ச்சு 24 முதல் கால் பங்கு, அரைப் பங்காக உயர்த்தப்பட்டது. இது அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டமாதலால் அன்றைய நிலையைக் கிளை அலுவலகத்தில் கேட்டறிவதே நலம்.

குறைந்தது ஐந்தாண்டுகள் காப்பீட்டில் இருந்து வயது மூப்பாலோ விருப்ப ஓய்விலோ பணி முடித்தவர்கள், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தமக்கும் தம் துணைக்கும் சிகிச்சையைத் தொடரவும் விதி வழிசெய்திருக்கிறது. ஊரிலுள்ள பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

பயன்காலமும் முடிந்துவிட்டால்? பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிக்கூடங்களில் பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்யும் இடங்கள் ஏராளம். அங்கே பெரும்பாலோருக்குத் தொடக்கமுதலே அட்டை இல்லை. இவ்விரு சாராருக்கும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 2009இல் கலைஞர் பெயரில் தொடங்கி, 2012இல் இன்றைய பெயரைப் பெற்ற இத்திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்கள் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சையைப் பட்டியலிடப்பட்ட மருத்துவமனைகளில் பெறலாம். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மையத்தில் பதிந்து கொள்ள வேண்டும். நோய் வந்தபின் ஓடுவதைவிட வேலை நின்ற வாரத்திலேயே வருமானச் சான்றுக்கு விண்ணப்பிப்பது அறிவுடைமை.

இ.எஸ்.ஐ.க்கு உரிய மாத ஊதிய வரம்பாக 2017 ஜனவரியில் விதிக்கப்பட்டது 21,000 ரூபாய். அதற்கு மேல் வாங்குபவர்களுக்கு நிறுவனம் எடுத்துத் தரும் குழுக் காப்பீடு, வேலை நிற்கும்போது பெரும்பாலும் நின்றுவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசியாக மாற்றித் தருமாறு, வேலை முடியும் முன்பே எழுத்து மூலம் கேளுங்கள். அப்படி மாற்றினால், ஏற்கெனவே கழித்த காத்திருப்புக் காலம் கணக்கில் சேரும். நீரிழிவோ இரத்தக் கொதிப்போ உள்ளவர்களுக்கு இது பெரும் பேறு.

'காப்பீடு நமக்கு ஆகுமா?' என்று சில சகோதரிகள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, வணிகக் காப்பீட்டை ஏற்கவில்லை. ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறையை ஏற்றது. ஆகவே தனியார் பாலிசி குறித்து உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஆனால் சட்டப்படி கூலியில் பிடிக்கப்பட்டுவிட்ட இ.எஸ்.ஐ. சந்தாவின் பயனையும், அரசு தரும் சிகிச்சையையும் இந்த ஐயத்தின் பேரில் கேட்காமலே விட்டு, பிறகு வட்டிக்குக் கடன் வாங்கும் நிலைக்கு ஆளாவது எவ்வகையில் பொருந்தும்?

அன்புச் சகோதரிகளே! ஆண்மக்கள் வேலையிழந்து மனம் சோர்ந்திருக்கும் நாளில், காகிதங்களைப் பாதுகாக்கும் பொறுப்பு பெரும்பாலும் நம்மையே சேர்கிறது. காப்பீட்டு எண், கடைசி ஆறு மாத ஊதியச் சீட்டுகள், வேலை நீக்கக் கடிதம் ஆகிய மூன்றையும் ஓர் உறையில் இட்டு வையுங்கள். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்து, 1948ஆம் ஆண்டின் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. எனவே விதிகளில் மாற்றமுண்டா என்று ஆண்டுக்கொருமுறை கேட்டு வைப்பதும் நல்லது. ஜமாஅத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் இருவர் முன்வந்து, வேலையிழந்த குடும்பத்தாரை அந்த அலுவலகம்வரை அழைத்துச் சென்றால் அதுவும் ஒரு தர்மமே. நம் கைப்பொருளில் ஒரு காசும் குறையாத தர்மம்!

வல்ல இறைவன் உழைக்கும் நம் மக்களின் உடலுக்கு நலனையும், வாழ்வாதாரத்தில் பரக்கத்தையும் தந்தருள்வானாக, ஆமீன்.