"அது அப்படித்தான் வருதும்மா"

கொஞ்சம் நீளமான த்ரெட் இது. பாதி கம்ப்யூட்டர், பாதி மருத்துவம். வீட்டில் ஆடியோ புத்தகம் கேட்பவர்களும், வீட்டில் நாற்பது வயது தாண்டியவர்கள் இருப்பவர்களும் பொறுமையாகப் படிங்க.

என் அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். இரண்டு கண்ணிலும் க்ளாக்கோமா. ஒரு கண்ணில் பார்வை கிட்டத்தட்ட இல்லை. இன்னொன்றில் குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் மட்டும் கொஞ்சம். டிப்போ ஓய்வறையில் படுத்துக்கொண்டே பொன்னியின் செல்வனை மூன்று முறை படித்து முடித்த மனுஷன், இப்போது ஒரு வரியைப் பிடிப்பதற்குள் அடுத்த வரியைத் தொலைத்துவிடுகிறார்.

நான் எம்பிபிஎஸ் படிக்கும்போது சென்னை புத்தகக் கண்காட்சியில் அதன் எம்பி3 சிடிக்களை வாங்கி வைத்திருந்தேன். பாகத்துக்கு ஒன்று என ஐந்து சிடி. பழைய லேப்டாப் ஒன்றில் ஜெல்லிஃபின் போட்டு (இலவச மென்பொருள்தான், வீட்டுக்குள்ளேயே பாட்டு, படம் எல்லாம் வைத்துக்கொள்ளலாம்) ஐந்து சிடியையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினேன். அப்பா போனில் ஆப். மொத்தம் 293 அத்தியாயம். "கேளுங்கப்பா"ன்னு சொல்லிட்டு டூட்டிக்குப் போய்விட்டேன். மகள் பெரிய காரியம் செய்துவிட்டாள் என்று எனக்கே ஒரு பெருமை.

பத்து நாள் கழித்து ஒரு ராத்திரி வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். திண்ணையில் அப்பா போனில் கதை ஓடுகிறது. காதில் விழுந்த வரைக்கும் ஏதோ இடிக்கிறது. வந்தியத்தேவன் பயணம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் கதை கடைசிப் பாகத்துக்குப் போய்விட்டது. அடுத்த அத்தியாயம் மறுபடி முதல் பாகம்.

"என்னப்பா இது, மாத்தி மாத்தி வருது?"

"அது அப்படித்தான் வருதும்மா."

"எத்தனை நாளா?"

"மொதல்லேர்ந்தே. கதைதான் எனக்குத் தெரியுமே. நடுவுல விட்டுப் போறத நானே நெனச்சு நெரப்பிக்கிறேன். நீ வர்றதே பத்து மணி, இதுக்குப் போயி ஒன்ன எதுக்கு..."

கையில் சோறு அப்படியே நின்றுவிட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் கோளாறு.

எம்பி3 ஃபைலுக்கு நாம் வைக்கிற பெயர் வேறு, அதன் உள்ளே எழுதியிருக்கும் குறிப்பு வேறு. ஆல்பம், டிஸ்க் எண், டிராக் எண், தலைப்பு என்று உள்ளே தனியாக இருக்கும். இதற்கு டேக் என்று பெயர். சர்வர் வரிசைப்படுத்துவது இதை வைத்துத்தான். ஐந்து சிடியிலும் ஆல்பம் பெயர் ஒன்றே. டிஸ்க் எண் காலி. டிராக் எண்ணோ ஒவ்வொரு சிடியிலும் 1-ல் இருந்து தொடங்குகிறது. ஆக, சர்வருக்கு ஐந்து "1", ஐந்து "2", ஐந்து "3". வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் போகிறவனை விட்டுவிட்டு, அடுத்து கோடிக்கரையில் பூங்குழலியின் படகு. அதுக்கடுத்து மூன்றாம் பாகத்தின் முதல் அத்தியாயம். சர்வர் மேல் தப்பே இல்லை. நான்தான் பார்க்காமல் கொட்டினேன்.

அப்பாவிடம் இதை எப்படி விளக்குவது என்று யோசித்தேன். அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். "டிக்கெட் கட்டுல நம்பர் மட்டும் பாத்தா எப்படி, சீரிஸ் எழுத்தையும் பாக்கணும்ல?" அவ்வளவேதான்.

சரிசெய்யும் முறை: முதலில் எல்லா ஃபைலுக்கும் ஒரு காப்பி எடுத்து வேறு இடத்தில் வையுங்க. பிறகு எம்பி3டேக் என்ற இலவச மென்பொருள். முதல் பாகத்தின் 57 ஃபைலையும் மொத்தமாகத் தேர்வு செய்து டிஸ்க் எண் 1, அடுத்த 53-க்கு 2, அப்படியே 46, 46, 91. பத்து நிமிட வேலை. அதன் பிறகு சர்வரை மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லணும்.

நேரம் தின்றது தலைப்புகள்தான். பழைய சிடி என்பதால் தலைப்பில் யுனிகோட் தமிழ் இல்லை, வெறும் கேள்விக்குறியும் கிறுக்கலும். கண் தெரிந்தவர் தள்ளிவிட்டுப் போவார். அப்பா போனில் டாக்பேக் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும்; அந்தக் கிறுக்கலை அது என்னவென்று வாசிக்கும்? மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து 293 தலைப்பையும் அடித்தேன்.

இன்னொன்று. பாட்டுப் பகுதியில் போட்டால், விட்ட இடம் ஞாபகத்தில் இருக்காது. பாட்டுக்கு அது தேவையில்லை, கதைக்குத் தேவை. அதனால் கடைசியில் ஆடியோபுக்‌ஷெல்ஃப் என்ற இன்னொரு இலவச சர்வருக்கு மாற்றினேன். ஆசிரியர் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் தொடரின் பெயர், அதற்குள் "1 - புது வெள்ளம்", "2 - சுழற்காற்று" என்று பாகத்துக்கு ஒரு ஃபோல்டர். விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. தூங்கிப்போனால் தானே நிற்க டைமரும் இருக்கு.

இப்போ அந்தச் சோற்றுக்கு வருகிறேன்.

க்ளாக்கோமாவில் பார்வை போன இடம் கறுப்பாகத் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படித் தெரியாது. ஓரத்தில் பார்வை குறையும்போது, மூளை பக்கத்தில் இருப்பதை வைத்து இல்லாததை நிரப்பிவிடும். சுவர் சுவராகவே தெரியும், அங்கே நிற்கிற ஆள் மட்டும் இருக்க மாட்டார். அதிகம் காணப்படும் வகையில் வலியும் கிடையாது, சிவப்பும் கிடையாது. அதனால்தான் ரொம்பத் தாமதமாகக் கண்டுபிடிக்கிறோம். போன பார்வை திரும்பாது. சொட்டு மருந்தோ, லேசரோ, அறுவை சிகிச்சையோ மிச்சத்தைக் காப்பாற்றத்தான்.

அப்பா நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டார். படியில் கால் தவறினார். சாலையில் பக்கத்தில் வந்த பைக்கைப் பார்க்கவில்லை. "வயசாச்சு" என்றார். நானும் தலையாட்டினேன். மாசாமாசம் அவருக்குப் பிரஷர், சுகர் பார்த்தவள் நான். ஓபியில் எத்தனையோ பேருக்குக் கண் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக்கொடுத்தவள். அவருக்கு எழுதவில்லை. கண் அரிப்புக்கு என்று மெடிக்கலில் தானே கேட்டு வாங்கி வருஷக்கணக்கில் ஊற்றிக்கொண்ட சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தது என்பதும் எனக்குப் பின்னாடிதான் தெரியும். ஸ்டீராய்டு சொட்டு சிலருக்குக் கண்ணின் அழுத்தத்தை ஏற்றிவிடும். டாக்டர் சொல்லாமல் அதைத் தொடாதீங்க, பாதி பாட்டில் மிச்சமிருக்கு என்று அடுத்தவருக்கும் கொடுக்காதீங்க.

நாற்பது தாண்டினால் கண்ணாடிக் கடையில் பவர் மட்டும் பார்த்துவிட்டு வராமல், கண் மருத்துவரிடம் கண் அழுத்தமும் பார்வை நரம்பும் பார்க்கச் சொல்லுங்க. அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர் யாருக்காவது க்ளாக்கோமா இருந்தால் உங்களுக்கு வர வாய்ப்பு அதிகம், நாற்பது வரைக்கும் காத்திருக்க வேண்டாம். எனக்கு 36. போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரி கண் பிரிவில் போய் உட்கார்ந்தேன். இப்போதைக்கு நார்மல், வருஷாவருஷம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்பா கதையை முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறார். "ஏதாவது தப்பா வந்தா எத்தனை மணியானாலும் போன் பண்ணணும்"னு சத்தியம் வாங்கியிருக்கிறேன். நேற்று நைட் டூட்டியில், கேஷுவாலிட்டியில் கூட்டம் குறைந்த நேரம், போன் வந்தது.

"ரெண்டாம் பாகத்துல பன்னெண்டு முடிஞ்சு பதினாலு வருதும்மா. பதிமூணக் காணோம்."

சிடியில் கீறல் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பார்க்கணும்.