கோலாலம்பூர் ஈயக் குவளை

ஈயச் சொம்பில் ரசம் வைத்துப் பழகியவரா நீங்கள்? அப்படியானால் கோலாலம்பூருக்குப் போகும்போது ஒரு காலை வேளையைச் செத்தாபாக்கிலுள்ள ராயல் செலாங்கூர் பட்டறைக்கு ஒதுக்கி வையுங்கள். வீட்டுக்காரர் இரட்டைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கட்டும்!

போனவுடன் கண்ணில் படுவது ஏறக்குறைய 2 மீட்டர் உயரமுள்ள ஒரு குவளை. 1985-ல் நிறுவனத்தின் நூற்றாண்டுக்காகச் செய்தார்கள். அதைத் தூக்கிக் குடிக்கப் பீமசேனன்தான் வர வேண்டும்.

கோலாலம்பூரே ஈயத்தால் பிறந்த ஊர். 1857-ல் ஈயம் தோண்ட வந்த சீனத் தொழிலாளர்களின் குடிசைகள்தாம் நகரமாக வளர்ந்தன. 1885-ல் சீனாவிலிருந்து வந்த யோங் கூன் என்ற இளைஞர், பூஜைக்கு வேண்டிய ஊதுவத்தித் தாங்கிகளும் மெழுகுவத்தித் தண்டுகளும் செய்து விற்றார். பிறகு வெள்ளைக்காரர்களுக்காகப் பீர்க் குவளை, தேநீர்க் கூஜா எல்லாம் வந்தன.

இந்த உலோகத்துக்குப் பியூட்டர் என்று பெயர். 100-க்கு 90 பங்குக்கு மேல் வெள்ளீயம். உறுதிக்காகக் கொஞ்சம் செம்பும் ஆண்டிமனியும். உருக்கியதைக் கரண்டியால் அச்சில் வார்க்கிறார்கள். சில நொடிகளில் இறுகிவிடுகிறது. பிறகு கைப்பிடியைப் பற்றவைத்து மெருகேற்றுகிறார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சிறு சுத்தியால் பொட்டுப் பொட்டாகத் தட்டுவதைப் பார்த்தால், கோலப் புள்ளி வைக்கும் நம் வீட்டுப் பெண்களின் நினைவு வரும். ஆசையிருந்தால் நீங்களும் ஒரு கிண்ணம் தட்டிப் பார்க்கலாம். அதற்கென்று தனி வகுப்பே உண்டு.

ஒரு முக்கியமான விஷயம். நாம் ‘ஈயம்’ என்று ஒரே பெயரால் சொல்வது இரண்டு உலோகங்களை. வெள்ளீயம் நல்லது, காரீயமோ நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே அது கெடுக்கும். பழைய காலத்துப் பியூட்டரில் காரீயமும் கலந்தார்கள். ஆகவே பழம்பொருள் கடையில் அழகாக இருக்கிறதே என்று வாங்கினால், அலமாரியில் வையுங்கள். அதில் குடிக்க வேண்டாம். ரசச் சொம்பு வாங்கும்போதும் சுத்த வெள்ளீயந்தானா என்று கேட்டு, நம்பிக்கையான இடத்தில் வாங்குங்கள். விலை மலிவாயிருந்தால் சந்தேகப்படுங்கள்!

காரீயம் கலவாத புதுக் குவளையில் தாராளமாகக் குடிக்கலாம். குளிர்ந்த மோரை ஊற்றினால் குவளையும் உடனே சில்லென்றாகிவிடும். ஆனால் அடுப்பருகே கொண்டுபோகாதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரி சென்டிகிரேடிலேயே உருகிவிடும். வெறும் ஈயச் சொம்பை அடுப்பில் வைத்தால் ஓட்டையாவது இதனால்தான். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்காமல், மெல்லிய துணியில் சோப்பு நீர் தொட்டுக் கழுவித் துடைத்தால் போதும்.

1985-ல் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்து, மலேசியச் சுரங்கங்கள் பல மூடின. சுரங்கம் போனாலும் சுத்தியல் சத்தம் நிற்கவில்லை. கைத்தொழில் என்றால் அப்படியல்லவா இருக்க வேண்டும்!