நடக்க வேண்டிய கவுன்

ஜாக்கெட், பாவாடை, சுடிதார் எல்லாம் தைத்த கைதானே என்ற தைரியத்தில்தான் தி.நகரில் மாஸ்டரிடம் சேர்ந்தேன். மிஸ் இந்தியா போட்டிக்கு முயலும் பெண்களுக்கு மாலைச் சுற்றுக் கவுன் தைப்பவர் அவர். திருச்சிப் பெண் அனுகீர்த்தி வாஸ் 2018-இல் பட்டம் வென்றதிலிருந்து வெளியூர்ப் பெண்கள் அம்மாவோடு வருவது கூடிவிட்டது என்பார்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரு கதை கட்டாயம் உண்டு. 1994-இல் சுஷ்மிதா சென் மிஸ் இந்தியா ஆன இரவில் அணிந்த கவுனை, டெல்லி சரோஜினி நகர் மார்க்கெட் துணியில் பாவாடை டெய்லர் ஒருவர் தைத்தார். கையுறை, புது சாக்ஸை வெட்டிச் செய்தது. "அதனால லேசான வேலைன்னு நினைச்சுடாதேம்மா" என்று முடிப்பார்.

முதலில் என்னை உலுக்கியது கிராஸ் வெட்டு. சாட்டினை நீளவாட்டில் இழுத்தால் விறைப்பாக நிற்கும். மூலைக்கு மூலை இழுத்தால் விரலுக்குள் நெகிழ்ந்து நீளும். அந்த நெகிழ்ச்சிதான் உடம்போடு வழிகிறது. நான் வெட்டி, அன்றே விளிம்பை மடித்து அடித்துவிட்டேன். காலையில் பார்த்தால் ஒரு பக்கம் இரண்டு விரற்கடை இறங்கிக் கிடந்தது. மாஸ்டர் திட்டவில்லை. தையலை என்னையே பிரிக்கச் சொன்னார். சாட்டினில் ஊசி போன இடமெல்லாம் புள்ளி விழும், பிரித்தாலும் போகாது. கிராஸ் துணியை ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டு, இறங்குவதெல்லாம் இறங்கிய பிறகே விளிம்பைத் தொட வேண்டும்.

அடுத்தது தோள்பட்டை இல்லாத மேல்பாகம். நழுவாமலிருக்க மார்புப் பக்கம் இறுக்கிப் பிடித்தேன். போட்டுப் பார்த்த பெண்ணுக்கு மூச்சு முட்டியது. கையைத் தூக்கினால் அப்போதும் இறங்கியது. "குடத்தைத் தோள்லயா வெப்பாங்க?" என்றார் மாஸ்டர். உள்ளே இடுப்பைச் சுற்றி அழுத்தமான நாடா ஒன்றைத் தைத்துக் கொக்கி போட்டார். பாரம் இடுப்பில் உட்கார்ந்தது. மேலே, உள்ளே வைத்துத் தைக்கும் விறைப்பான போன் (bone) பட்டைகள் துணியைச் சுருங்காமல் நிமிர்த்தினால் போதும்.

அப்படியும் விளிம்பு எனக்குப் பிடிபடவில்லை. பெண் அசையாமல் நிற்கும்போது குண்டூசி குத்துவேன், அளவு சரியாக இருக்கும்; நடந்தால் மிதிபடும். ஒருநாள் மாஸ்டர் ஹீல்ஸ் செருப்பை என்னிடம் நீட்டி, கவுனை மாட்டிக்கொண்டு கடைக்குள் நடக்கச் சொன்னார். வெட்கமாக இருந்தது. திரும்பும்போது புரிந்தது: முன்விளிம்பைக் கால்விரல் உதைத்துத் தள்ளுகிறது, பின்பக்கத் துணி அரை அடி தாமதமாக வந்து சேர்கிறது. நடுவரின் கண்ணில் படுவது அந்தத் திருப்பம்தான். அதன்பின் நடக்கவிடாமல் நான் குண்டூசி குத்தியதே இல்லை.

முழுக்க நானே விளிம்பு முடித்த கவுன், கடல்நீலத்தில் ஒன்று. அதை அணிந்த பெண் மாநிலத் தேர்வோடு திரும்பிவிட்டார். கவுன் எங்கும் மிதிபடவில்லை என்று மாஸ்டர் பட்டன் கடைக்காரரிடம் பெருமையாகச் சொன்னாராம். என்னிடம், "அடுத்த துணி வந்திருக்கு, தொங்கவிடு" என்றார்.