மூச்சும் எலும்பும்

நோயுற்ற உடல் நலம் பெறுதல் வேறு. நலம் பெற்ற உடல் தன் பழைய ஆற்றலை மீண்டும் எய்துதல் வேறு. முன்னதற்கு மருத்துவர் நாள் குறிப்பார். பின்னதற்கு நாள் குறிப்பார் ஒருவருமிலர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியில் ஆறு திங்கள் நடந்தவனாதலின், அதனைக் குறித்துச் சில கூற விழைகின்றேன்.

நம் கல்லூரியின் பொருட்டு 5,000 மீட்டர் ஓட்டம் பயின்றுவந்த காலத்தில் என் இடது கணைக்காலில் வலியொன்று தோன்றிற்று. முதலில் எடுத்த எக்ஸ்ரே படத்தில் யாதும் புலப்படவில்லை. தொடக்க நிலையில் இவ்வகைப் பழுது அப்படத்தில் பெரும்பாலும் தெரிவதில்லை. பின்னர் எடுத்த எம்.ஆர்.ஐ. படமே எலும்பில் மயிரிழை போன்றதொரு வெடிப்பைக் காட்டிற்று. 8 வாரம் ஓடலாகாது என்றார் மருத்துவர்.

அவ்வாரங்களில் நான் அறிந்துகொண்டது, உடலின் உறுப்புகள் யாவும் ஒரே காலக்கணக்கில் இயங்குவன அல்ல என்பதே. பயிற்சி நின்ற இரண்டு வாரங்களுக்குள்ளாகவே குருதியின் நீர்ப்பகுதி குறைகின்றது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளிச்செலுத்தும் குருதியும் குறைகின்றது. ஆயினும் விரைந்து இழந்த இதனை உடல் விரைந்தே மீட்டுக்கொள்ளும். எலும்போ அங்ஙனமன்று. தான் தாங்கும் சுமைக்கேற்ப எலும்பு தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும் என்பதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். அம்மாற்றத்தில், பழுதுற்ற பகுதியை ஒருவகை உயிரணுக்கள் முதலில் கரைத்து அகற்றுகின்றன; அதன் பின்னரே வேறுவகை அணுக்கள் அவ்விடத்தில் புதிய எலும்பை அமைக்கின்றன. அகற்றுதல் சில வாரங்களில் முடியும்; அமைத்தல் மாதக்கணக்கில் நீளும். பழைய ஓலையைப் பிரித்தெறிந்து, புதிய ஓலை வேய்ந்து முடியாத வீடு மழைக்கு எங்ஙனமோ, அங்ஙனமே இடைக்காலத்தில் எலும்பு சுமைக்கு.

ஒன்பதாம் வாரத்தில் மீண்டும் தொடங்கினேன். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இவ்வாறு எட்டு முறை. அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். முதல் வாரம் மூச்சு வாங்கிற்று. நான்காம் வாரத்தில் மூச்சு எளிதாயிற்று. மெய்யான இடர்ப்பாடும் அன்றுதான் பிறந்தது. நெஞ்சு இன்னும் ஓடென்று ஏவும். கால் வாய் திறவாது. வலியில்லாமை வலிமையாகிவிடாது என்பதை ஒவ்வொரு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியதாயிற்று.

பதினாறாம் வாரத்தில் கல்லூரிகளுக்கிடையிலான போட்டி வந்தது. "தம்பி, உன் பெயரைச் சேர்க்கட்டுமா?" என்று வினவினார் எம் உடற்பயிற்சி ஆசிரியர். "ஐயா, மூச்சு வந்துவிட்டது, எலும்பு இன்னும் வரவில்லை. அடுத்த ஆண்டு ஓடுகிறேன்" என்றேன். என் இடத்தில் முதலாண்டு மாணவர் ஒருவர் ஓடினார். நான் ஸ்டாப் வாட்ச் ஏந்தி அவர்தம் சுற்றுகளை எண்ணினேன். அவர் நன்றாகவே ஓடினார். மகிழ்ந்தேன், முழு மனத்தோடு மகிழ்ந்தேன் என்று கூறின் அது பொய்யாகும்.

அற்றை இரவு கிளென் கன்னிங்காமை நினைத்துக்கொண்டேன். அமெரிக்க நாட்டுக் கான்சாஸ் மாநிலத்தவரான அவர், 1917ஆம் ஆண்டில் சிறுவராயிருந்தபோது, பள்ளிக்கூடத்தில் நேர்ந்த தீவிபத்தில் தமையனை இழந்தார். தம் கால்களும் வெந்து கிடந்தார். அவரே 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். ஒவ்வொரு பந்தயத்திற்கு முன்னும் நெடுநேரம் கால்களை ஆயத்தம் செய்தாலன்றி அவரால் ஓட இயலாது. உலகம் அவர் பதக்கத்தைப் பேசுகின்றது. எனக்கோ இடையில் கழிந்த 19 ஆண்டுகளே பெரிதாகத் தோன்றுகின்றன. அவை என் அகவை முழுமையும் அல்லவா?

இன்று நாற்பது நிமிடம் இடைவிடாது ஓடுகின்றேன். எனினும் 5,000 மீட்டரைக் கடக்க முன்னினும் ஒரு நிமிடம் மிகுதியாகவே ஆகின்றது. அந்நிமிடம் மீளலாம், மீளாமலும் போகலாம். காயமுற்று ஓரத்தில் நிற்கும் நண்பர்காள்! ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடக்கும் உங்களைப் பிறர் கடந்து செல்லும்போது நாணற்க. அந்த நடையின்போதும் எலும்பு தன் பணியைச் செய்துகொண்டுதான் இருக்கின்றது.